33,361 என்கிறார்கள், தூக்கம் வரவில்லை ஐயா!

வாசகர் கேள்வி – பதில்
(மே 28, 2021)

இந்த வாரம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான்: தினமும் சாயங்காலம் அறிவிக்கும் கொரோனா எண்ணிக்கை. அதிலிருந்து ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டேன். நான் டாக்டர் இல்லை. சுகாதார ஆய்வாளராக 31 வருடம் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கு எழுதியவன். கணக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து, மாத்திரைக்கு உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் சாயங்காலமானால் டி.வி. முன்னால் உட்கார்ந்து, எண்ணிக்கை வந்ததும் ஒரு நோட்டில் எழுதுகிறார். மாமியாருக்கு 71 வயது. அந்த எண்ணைக் கேட்ட பிறகு ராத்திரி தூங்குவதே இல்லை. நேற்று தமிழ்நாட்டில் 33,361. எங்கள் கோவையில் மட்டும் 4,734. சென்னையைத் தாண்டிவிட்டோம். நாங்கள் எவ்வளவு பயப்பட வேண்டும்? – வாசகி, சிங்காநல்லூர்

பதில்: அம்மா, நோட்டில் எழுதுவது நல்ல பழக்கம். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். என்ன எழுதுவது என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம்.

நேற்று சொன்ன 4,734 பேருக்கு நேற்றுத் தொற்றவில்லை. உடம்புக்குள் கிருமி போய், காய்ச்சலோ தொண்டை வலியோ தெரிவதற்குப் பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும். 'சாதாரண சளிதான்' என்று ரெண்டு நாள் கஷாயம் குடித்துப் பார்ப்போம். அப்புறம் போய்ப் பரிசோதனைக்குச் சளி மாதிரி கொடுப்போம். முடிவு வர இன்னும் ஒன்றிரண்டு நாள். ஆக, இன்றைக்கு டி.வி.யில் வரும் எண் ஏறக்குறைய பத்து நாளைக்கு முன்னால் நடந்தது. உங்கள் மாமியார் ராத்திரி பயப்படுவது மே 17, 18 வாக்கில் நடந்ததை நினைத்து.

இதை வைத்து இந்த மாதத்தைப் பாருங்கள். மே 10ஆம் தேதி முழு ஊரடங்கு தொடங்கியது. அதற்குப் பிறகும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதும், 'கடையெல்லாம் மூடி என்ன பிரயோஜனம்' என்று எத்தனை பேர் எனக்கு எழுதினீர்கள்! 21ஆம் தேதி 36,184 வந்தது. இதுவரை வந்ததிலேயே அதுதான் பெரிய எண். மறுநாள் 35,873, அதற்கு அடுத்த நாள் 35,483 என்று படியிறங்கி, நேற்று 33,361. ஊரடங்கு தொடங்கியதற்கும் இறக்கம் தெரிந்ததற்கும் இடையில் பதினோரு பன்னிரண்டு நாள். வீட்டுக்குள் அடைந்து கிடந்து நீங்கள் பட்ட கஷ்டம் வீண்போகவில்லை. கணக்கில் தெரிய நாளாயிற்று, அவ்வளவுதான்.

ஆனால் கோவைக்கு இதே ஆறுதலைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்னையில் மே 12 அன்று 7,564 வந்தது. நேற்று 2,779. அங்கே அலை முன்னாலேயே வந்துவிட்டது. உங்கள் பக்கம் பிந்தி வந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தின் மக்கள்தொகை 34 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். அதில் ஒரே நாளில் 4,734 என்பது கனமான எண். மில், பவுண்டரி, பட்டறை என்று தோளோடு தோள் நின்று வேலை பார்க்கும் ஊர் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் யூகம். அதனால் பயம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பயத்தை டி.வி. முன்னால் செலவழிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

2017 டெங்கு சமயத்தில் நடந்த ஒன்று. நாங்கள் இருந்த வட்டாரத்தில் ஒருநாள் எண்ணிக்கை திடீரென்று இரண்டு மடங்கானது. மேலதிகாரிகள் வந்தார்கள், புகை மருந்து அடிக்கும் வண்டிகள் வந்தன, ஊரே கலங்கிப்போனது. நான் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன். பரிசோதனைக் கூடத்தில் மூன்று நாளாகத் தேங்கிக் கிடந்த முடிவுகள் ஒரே நாளில் வந்திருந்தன. அதே வாரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எண்ணிக்கை பூஜ்யம். அங்கே யாருக்கும் ரத்தம் எடுக்கவில்லை, அதனால் பூஜ்யம். காய்ச்சலில் படுத்தவர்கள் அந்தக் கிராமத்தில்தான் அதிகம் என்பது ஒரு செவிலியர் வீடு வீடாகப் போன பிறகே தெரிந்தது. ஒரு நாள் எண்ணை மட்டும் வைத்து நான் சந்தோஷப்படுவதையும் கலங்குவதையும் அன்றோடு விட்டேன்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: ஒரு நாள் எண்ணுக்குப் பதிலாக ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை சளி மாதிரிகளைக் குறைவாக எடுத்ததால் வந்த குறையும், தேங்கியது மொத்தமாக வந்த கூடுதலும் அதில் சமன்பட்டுவிடும். பக்கத்திலேயே அன்று எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தார்கள் என்பதையும் எழுதட்டும். அதுவும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. இன்னொரு பக்கத்தில் உங்கள் தெரு. எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எத்தனையாவது நாள், அரிசி பருப்பு இருக்கிறதா, காய்கறி வண்டி வந்தால் வாங்கிக் கொடுக்க ஆள் இருக்கிறதா. இந்தப் பக்கம்தான் முக்கியம்.

மாமியாருக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? கடிதத்தில் அது இல்லை. 60 வயது தாண்டியவர்களுக்கு மார்ச் மாதத்திலிருந்தே போடுகிறார்கள். இன்னும் போடவில்லை என்றால், எண்ணிக்கையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அந்த வேலையைப் பாருங்கள். வேலைக்குப் போய் வரும் பிள்ளைகள் அவர் அறைக்குள் முகக்கவசம் இல்லாமல் போக வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். டி.வி.யை ஏழு மணிக்கு அணைத்துவிடுங்கள்.

கேள்வி: நிறையப் பரிசோதனை செய்வதால்தான் எண்ணிக்கை கூடுகிறது, குறைத்தால் தானாகக் குறையும் என்கிறார் எங்கள் விடுதி நண்பர். சரியா? – கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: தம்பி, பாதி சரி. பரிசோதனை கூடினால் எண்ணிக்கை கூடும். ஆனால் நோய் பரவுவதால் எண்ணிக்கை கூடுகிறதா, வெறும் பரிசோதனையால் கூடுகிறதா என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. நூறு பேருக்குப் பார்த்தால் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

போன வருடம் ஜூலை 27 அன்று 6,993 வந்தது. முதல் அலையின் உச்சம் அது. அப்போது தினமும் அறுபதாயிரத்தை ஒட்டிப் பரிசோதனை. ஒன்பது பேருக்குப் பார்த்தால் ஒருவருக்கு இருந்தது. இந்தப் பிப்ரவரியில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேருக்குப் பார்த்து, வந்தது ஐந்நூறுக்கும் கீழே. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்த மே 21இல் சுமார் 1.7 லட்சம் பரிசோதனை, 36,184 பேருக்குத் தொற்று. ஐந்து பேருக்குப் பார்த்தால் ஒருவர்! பரிசோதனை மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியது, தொற்று ஐந்து மடங்குக்கு மேல் கூடியது. வெறும் பரிசோதனைக் கூடுதலால் இப்படி ஆகாது. நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வந்து இரண்டு வாரமாவது நின்றால்தான் கட்டுக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் போன வருடமே சொன்ன அளவு. நாம் இப்போது இருபதை ஒட்டி நிற்கிறோம்.

நண்பர் சொல்வது போலப் பரிசோதனையைக் குறைத்தால், தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் வீட்டில் எல்லோருக்கும் கொடுப்பவர்கள்தான் கூடுவார்கள். தெர்மாமீட்டரை ஒளித்து வைத்தால் காய்ச்சல் போகாது என்று அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தொற்று குறைகிறது என்கிறீர்கள். இறப்பு குறையவில்லையே? – வாசகர், திருப்பூர்

பதில்: குறையவில்லை. 21ஆம் தேதி 467 பேர். நேற்றும் ஏறக்குறைய அதே அளவு. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் காரணத்தைச் சொல்கிறேன். தொற்றியவர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வாரம் பத்து நாள், அங்கே போராடுவது இன்னும் ஒன்றிரண்டு வாரம். தொற்று இறங்கி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் இறப்பு இறங்கும். ஜூன் பாதி வரைக்கும் இந்த எண் நம்மை வருத்தும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: என் அப்பா இந்த மாதம் 9ஆம் தேதி போய்விட்டார். இரண்டு முறை பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தது. ஸ்கேனில் நுரையீரல் முழுக்கப் பாதிப்பு. கொரோனா வார்டில்தான் இருந்தார். சான்றிதழில் நிமோனியா என்று போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு டி.வி.யில் சொன்ன எண்ணில் என் அப்பா இல்லையா? – பெயர் வேண்டாம், சேலம்

பதில்: இல்லை அம்மா. பரிசோதனையில் 'ஆம்' என்று வராவிட்டால் பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. மாதிரி எடுக்கும்போது மூக்கில் கிருமி குறைந்திருந்தால், நோய் இருந்தும் 'இல்லை' என்று வருவது உண்டு. உங்கள் அப்பாவைப் போல எத்தனையோ பேர் விடுபட்டிருப்பார்கள்.

இது சரியில்லை என்பதுதான் என் கருத்து. கணக்கு எழுதிய ஒருவனாகச் சொல்கிறேன்: நாங்கள் பதிவேட்டில் ஒரு வரியை விட்டால், அந்த வீட்டுக்கு நாளைக்கு வர வேண்டிய உதவியும் விட்டுப்போகும். போன வருடம் ஜூலை 22 அன்று, சென்னையில் மார்ச் முதல் ஜூன் 10 வரை விடுபட்டிருந்த 444 இறப்புகளை ஒரே நாளில் கணக்கில் சேர்த்தார்கள். அன்றைய அறிக்கையைப் பார்த்தவர்கள் ஒரே நாளில் 518 பேர் இறந்ததாகப் பதறினார்கள். எனக்கு அன்று வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. விட்டதைத் தேடிச் சேர்க்க முடியும் என்று தெரிந்ததே. அதனால் ஸ்கேன் படம், அதன் அறிக்கை, பரிசோதனைச் சீட்டுகள், வார்டில் சேர்த்த நாள் உள்ள காகிதம், மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். மறுபடி சரிபார்க்கும் நாள் வந்தால் அது வேண்டும்.

உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார், எப்படி இருப்பார் என்று எனக்கு எழுதுங்கள். பத்திரிகையில் போட மாட்டேன். தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கேள்வி: அண்ணனுக்கு 44 வயது, சர்க்கரை உண்டு. நான்கு நாளாகக் காய்ச்சல், இருமல். பரிசோதனைக்கு வர மாட்டேன் என்கிறார். போன வருடம் எங்கள் தெருவில் கொரோனா வந்த ஒரு வீட்டைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அந்தக் குடும்பத்தோடு இன்னும் சிலர் பேசுவதில்லை. 'நாளைக்கு நானும் அந்த எண்ணில் ஒருவன் ஆகணுமா' என்கிறார். – தங்கை, பெரம்பலூர்

பதில்: தங்கச்சி, இந்தக் கடிதத்தை அச்சுக்குக் காத்திருக்க வைக்கவில்லை. பார்த்த அன்றே உங்களுக்குப் போனில் சொன்னதைத்தான் மற்றவர்களுக்காக இங்கே திரும்ப எழுதுகிறேன்.

அந்தத் தகரம் ஒரு பெரிய தப்பு. நோயைத் தடுப்பதற்குப் பதில் நோயை ஒளிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டது. ஆனால் அண்ணனுக்கு இது நான்காம் நாள். ஐந்திலிருந்து பத்தாம் நாள் வரைதான் கவனமாக இருக்க வேண்டிய நாட்கள். சர்க்கரை உள்ளவர் வேறு. பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்றை இன்றே இரவல் வாங்குங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, விரலைத் தேய்த்துச் சூடாக்கி, மாட்டி, எண் நிலைத்ததும் குறியுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. 94க்குக் கீழே வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை குப்புறப் படுக்கவையுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. சிலர் மருந்துக் கடையில் தாங்களாகவே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு அது மிகவும் ஆபத்து. அதனால் வரக்கூடிய கறுப்புப் பூஞ்சை நோய் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பரிசோதனைக்கு அவர் தனியாகப் போக வேண்டாம். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் பேசுங்கள். எந்த நேரம் கூட்டம் குறைவு என்று அவருக்குத் தெரியும். அந்தத் தகரம் அடித்த வீட்டுக்காரர்களிடமும் நீங்களே போய், வாசலில் தள்ளி நின்று, 'எங்கள் வீட்டிலும் காய்ச்சல்' என்று சொல்லிப் பாருங்கள். போன வருடம் தனியாகச் சமாளித்தவர்கள், என்னென்ன தேவைப்படும் என்று உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நேற்று ராத்திரி பேசியபோது 96 என்றீர்கள். இன்றைக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், நேரம் பார்க்க வேண்டாம்.