பேடன்ட் கம்பெனிக்கு, பேர் யாருக்கு?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் ஆர் அண்ட் டி-யில் பத்து வருடமாக இருக்கிறேன். போர்வெல் பம்பில் மணல் புகுந்து, சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துபோவதுதான் எங்களுக்கு அதிகம் வரும் புகார். புஷ்ஷின் உள்பக்கம் சரிவாகப் பள்ளம் வெட்டினால் மணல் தங்காது என்று வரைந்து காட்டியது நான். காப்புரிமை விண்ணப்பத்தைத் தயாரிக்கும் பேடன்ட் ஏஜென்டுக்கு விளக்கி, வரைவு எழுதிக் கொடுத்ததும் நான்தான். "உன் இங்கிலீஷ் நல்லா இருக்கு, நீயே பாத்துக்கோம்மா" என்றார்கள். இப்போது வெளியாகியிருக்கும் விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர்கள் மூன்று பேர். மூவரும் ஆண்கள்; என் பெயர் இல்லை. கேட்டால், "அதுல பேர் இருந்தா காசா வரப்போகுது?" என்கிறார் மேனேஜர். வீட்டிலும், "சம்பளம் ஒழுங்கா வருதுல்ல, விடு" என்கிறார்கள். விட்டுவிடுவதா? டெஸ்ட் பெஞ்சில் என்னுடன் இருந்த டிப்ளமோ பெண்ணின் பெயரும் இல்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விடாதீர்கள். காசு வராது என்றால் அந்த மூன்று பேரும் எதற்காகப் பெயர் போட்டுக்கொண்டார்களாம்?

உங்கள் மேனேஜர் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார். வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி, காப்புரிமை கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கலாம். அதில் சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் கண்டுபிடித்தவர் யார் என்று சொல்வது தனி. விண்ணப்பத்தோடு போகும் ஃபார்ம் 5-ல் கம்பெனி அதை உறுதிமொழியாகவே எழுதிக் கொடுக்கிறது. பதவியைப் பார்த்து அங்கே பெயர் சேர்க்க முடியாது. யோசனை யாருடையதோ அவர் பெயர்தான் வர வேண்டும்.

1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். கண்டுபிடிப்பிலோ அதன் முக்கியமான பகுதியிலோ உங்கள் பங்கு இருந்தால், கண்டுபிடிப்பாளராக உங்கள் பெயரைக் குறிப்பிடச் சொல்லி ஃபார்ம் 8-ல் நீங்களே கோரலாம். கம்பெனிக்கும் நோட்டீஸ் போகும், விசாரிப்பார்கள். இதனால் காப்புரிமையில் உங்களுக்குப் பங்கு வந்துவிடாது என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மேனேஜர் பயப்பட்டால் அதைக் காட்டுங்கள். ஒரே சிக்கல், காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே கோர வேண்டும். உங்கள் விண்ணப்பம் வெளியாகிவிட்டது என்றால், வழக்கமாக அது போட்டுப் பதினெட்டு மாதம் தாண்டியிருக்கும். இன்றே இணையத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு அது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். மற்ற வேலையெல்லாம் அப்புறம்.

அடுத்தது ஆதாரம். மார்கரெட் நைட் என்ற அமெரிக்கப் பெண் அடி தட்டையான காகிதப் பை செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். அதன் மாதிரியைப் பட்டறையில் பார்த்த சார்லஸ் அன்னன் என்பவர் முந்திக்கொண்டு காப்புரிமை கேட்டுவிட்டார். ஒரு பெண்ணுக்கு இயந்திர நுணுக்கம் எங்கே தெரியும் என்று அவர் தரப்பு வாதாடியதாகச் சொல்வார்கள். நைட் தன் வரைபடங்களையும் குறிப்புகளையும் சாட்சிகளையும் கொண்டுபோய் நிறுத்தினார். 1871-ல் காப்புரிமை அவர் பெயருக்கே வந்தது. உங்களிடமும் அப்படி இருக்கும்: முதல் ஸ்கெட்ச், டிராயிங் நம்பர், அதன் தேதி, ஏஜென்டுக்கு நீங்கள் அனுப்பிய மெயில். ஆனால் ஒன்று, ஆபீஸ் மெயில்களைச் சொந்த ஐடிக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். ரகசியத்தை வெளியே கொண்டுபோனதாக உங்கள் மேலேயே திருப்பிவிடுவார்கள். எந்தத் தேதி, என்ன தலைப்பு, யாருக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும்.

எடுத்தவுடன் ஃபார்ம் 8 வேண்டாம். ஏஜென்டோடு நீங்களே பேசிக்கொண்டிருந்ததால், மேனேஜருக்கு எழுதி ஏஜென்டுக்கும் காப்பி போடுவது யாருக்கும் புதிதாகத் தெரியாது. "இன்ன எண் விண்ணப்பத்தில், புஷ்ஷின் பள்ள வடிவமைப்பு இன்ன தேதியிட்ட என் வரைபடத்திலிருந்து வந்தது. கண்டுபிடிப்பாளர் பட்டியலில் என் பெயர் விடுபட்டுள்ளது. சேர்க்க வேண்டுகிறேன்." இவ்வளவு போதும். "தயவுசெய்து தவறாக எண்ண வேண்டாம்" என்ற வரி வேண்டாம். நம் பெண்கள் இந்த ஒரு வரியில்தான் பாதி வழக்கைத் தோற்கிறார்கள். உண்மையான கண்டுபிடிப்பாளரை விட்டுவிட்டால் பிற்பாடு போட்டிக் கம்பெனிக்காரன் அதைப் பிடித்துக்கொள்வான் என்பது ஏஜென்டுக்குத் தெரியும். பல இடங்களில் இந்தக் கட்டத்திலேயே சரிசெய்துவிடுவார்கள். பதிலே வராவிட்டால், வேறொரு பேடன்ட் ஏஜென்டைப் பார்த்து, சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குக் கோரிக்கையை அனுப்புங்கள். வேலைக்கு ஆபத்தே வராது என்று நான் உறுதி தர மாட்டேன். மெயில் போடுவதற்கு முன் வீட்டாரிடம் இதையும் பேசிவிடுங்கள்.

பெயர் வருவதை வீட்டில் வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைக்கலாம். 2023-ல் பன்னாட்டுக் காப்புரிமை விண்ணப்பங்களில் பெயர் வந்த கண்டுபிடிப்பாளர்களில் பெண்கள் 17.7 சதவீதம்தான். பெண்கள் யோசிக்காததால் மட்டுமா இப்படி? உங்களைப் போல வரைவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டியலில் இல்லாமல் போனவர்கள் அந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள். நாளை வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போனாலோ, பிஎச்டி சேர்ந்தாலோ முதலில் தேடிப் பார்ப்பது அந்தப் பெயரைத்தான். பெண் விண்ணப்பதாரர்களுக்கு விரைவாகப் பரிசீலிக்கும் சலுகை 2019-லேயே வந்தது; கம்பெனி பெயரில் போடும் விண்ணப்பத்தில் விடுபட்டவருக்கு அதனால் என்ன பயன்?

அந்த டிப்ளமோ பெண்ணைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள், நல்லது. டெஸ்ட் ஓட்டி ரீடிங் எடுத்துக் கொடுத்தவர் மட்டும் என்றால், சட்டப்படி அவர் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார். ஆனால் பள்ளத்தின் சரிவை மாற்றிப் பார்க்கலாம் என்பது போன்ற யோசனை அவரிடமிருந்து வந்திருந்தால், நீங்கள் அனுப்பும் மெயிலிலேயே அவர் பெயரும் இருக்க வேண்டும். முதலில் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.