'எக்சைட்மென்ட்' என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் எது?

ஒரே சொல் கிடையாது, எந்த மாதிரி எக்சைட்மென்ட் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அகராதியைப் புரட்டினால் முதலில் 'கிளர்ச்சி' என்று வரும். ஆனால் "நாளைக்குக் கல்யாணம், ஒரே கிளர்ச்சியா இருக்கு" என்று யாராவது சொல்வார்களா? அந்தச் சொல் இன்று போராட்டத்துக்கோ பாலுணர்வுக்கோ போய்விட்டது. 'கிளர்' என்றால் மேலெழுதல், அதனால் இயற்பியலில் அணு கூடுதல் ஆற்றலோடு மேல்மட்டத்தில் இருப்பதைச் சொல்லும் 'கிளர்வு நிலை' (excited state) என்பது மட்டும் அழகாகப் பொருந்துகிறது.

'பரபரப்பு' வேறு. செய்தித்தாளில் "இதனால் அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது" என்று வந்தால் அதில் மகிழ்ச்சி துளியும் இல்லை. தேர்வு முடிவு வரும் காலையில் நெஞ்சு அடித்துக்கொள்வது படபடப்பு, அதில் பயம் பாதி. குழந்தைகளிடம் இருப்பது குதூகலம், சாமி முன்னால் வருவது பரவசம்.

சரி, மகிழ்ச்சியும் எதிர்பார்ப்பும் கலந்த அந்தத் தவிப்புக்கு? இதைப் பெயர்ச்சொல்லில் தேடுவதே தப்பு என்று நினைக்கிறேன், ஏனென்றால் தமிழ் அதை உடம்பை வைத்துத்தான் சொல்கிறது. முதல் ரயில் பயணத்துக்கு முந்தைய இரவு, என் அக்கா மகள் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டே பாயில் உட்கார்ந்திருந்தாள், அம்மா அதட்டியும் கழற்றவில்லை. "அவளுக்கு இருப்புக் கொள்ளலை" என்றார் பாட்டி. எக்சைட்மென்ட் என்பதற்கு அதைவிடத் துல்லியமான தமிழை நான் கேட்டதில்லை. அப்புறம், 'கால் தரையில் பாவவில்லை', 'தலைகால் புரியவில்லை' இரண்டும் இருக்கின்றன. ஆனால் பின்னது காரியம் கைகூடிய பிறகு வருவது, காத்திருக்கும்போது பொருந்தாது.