வெட்டி ஒட்டிய இருவர்: கோல்ட்கட் பற்றிக் கேள்வி பதில்

லண்டனைச் சேர்ந்த மாட் பிளாக், ஜோனதன் மோர் இருவரும் சேர்ந்த இசை இணையே கோல்ட்கட். அவர்களைப் பற்றிப் பலரும் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள்?

மோர் ஓவிய ஆசிரியர், பிளாக் கணினி நிரலாளர். சோஹோவில் பெர்விக் தெருவில் இருந்த ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் மோர் வேலை பார்த்தார். பிளாக் அங்கே தட்டு வாங்க வருபவர். 1987இல் வந்த அவர்களின் முதல் தட்டு, 'சே கிட்ஸ் வாட் டைம் இஸ் இட்?', முழுக்கப் பிறருடைய இசைத்துண்டுகளால் ஆனது. கேசட் கருவியின் இடைநிறுத்தப் (pause) பொத்தானை அழுத்தி அழுத்திச் செய்த வேலை. அச்சிட்டது 500 பிரதிகள்.

கேள்வி: ரீமிக்ஸ் என்றால் பழைய பாட்டுக்கு வேகமான தாளம் சேர்ப்பதுதானே? அதில் என்ன கலை?

பெரும்பாலான ரீமிக்ஸ்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதே ஆண்டில் எரிக் பி, ரக்கீம் என்ற நியூயார்க் ராப் இணையின் 'பெய்ட் இன் ஃபுல்' பாட்டுக்கு இவர்கள் செய்ததைக் கேளுங்கள். மூலத்தில் ரக்கீம் ஒரே ஒரு பத்திதான் பாடுகிறார். கோல்ட்கட் அதை ஏழு நிமிடத்துக்கு இழுத்தார்கள். ஸ்டீரியோ விளம்பரத் தட்டு ஒன்றிலிருந்து ஓர் ஆங்கிலேயரின் கம்பீரமான குரலை எடுத்துத் தொடக்கத்தில் வைத்தார்கள். நடுவில் இஸ்ரேலியப் பாடகி ஓஃப்ரா ஹாசாவின் குரல் எழுகிறது. அவர் பாடுவது 17ஆம் நூற்றாண்டு யேமன் யூதக் கவிஞர் ஷாலோம் ஷபாஸியின் பாடல்! நியூயார்க் வீதிக்கும் யேமன் பக்திப் பாடலுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கத் தோன்றாத அளவுக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டன. எரிக் பிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் அது முதல் இருபதுக்குள் போயிற்று. அடுத்த ஆண்டு ஹாசா பாடிய அதே பாட்டு அவர் பெயரிலேயே ஐரோப்பாவில் வெற்றி பெற்றது. மேற்கு ஜெர்மனியில் முதலிடம். எதை எதன் பக்கத்தில் வைப்பது என்று தெரிந்த காதுதான் இங்கே கலை.

கேள்வி: அவர்களுக்கு முதலிடப் பாட்டு உண்டா?

உண்டு, யாஸ் என்ற பாடகியின் பெயரில். ஓடிஸ் கிளே 1980இல் பாடிய 'தி ஒன்லி வே இஸ் அப்' பாட்டை அவருக்காக இவர்கள் தயாரித்தார்கள். 1988இல் பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. மறு ஆண்டு லிசா ஸ்டான்ஸ்ஃபீல்டைப் பாடவைத்து 'பீப்பிள் ஹோல்ட் ஆன்' வெளியிட்டார்கள். என் காதுக்கு இதுவே உசத்தி.

கேள்வி: அவ்வளவு வெற்றிக்குப் பிறகு ஏன் சொந்த நிறுவனம்?

பெரிய நிறுவனம் மேலும் மேலும் வெற்றிப் பாட்டு கேட்டது, இவர்களுக்கு அலுத்துவிட்டது. 1990இல் நிஞ்சா டியூன் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கோல்ட்கட் என்ற பெயர் ஒப்பந்தத்தில் சிக்கியிருந்ததால், 'டிஜே ஃபுட்' என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டார்கள். டிஜேக்களுக்கான தீனி என்றே பொருள்: மற்றவர்கள் எடுத்துக் கலந்துகொள்ள வெறும் தாளத்துண்டுகளை இசைத்தட்டில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். பிற்பாடு பொனோபோ, அமோன் டோபின், சினிமாட்டிக் ஆர்க்கெஸ்ட்ரா போன்ற இசைக்காரர்கள் அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள்.

கேள்வி: பிறர் பாட்டை வெட்டி எடுப்பது திருட்டு இல்லையா?

அனுமதியும் பணமும் தராமல் எடுத்தால், எடுக்கப்பட்டவர் கோபப்படுவதில் நியாயம் உண்டு. ஹாசாவைப் போல எல்லோருக்கும் லாபம் கிடைப்பதில்லை. ஆனால் தங்கள் துண்டுகளையும் பிறர் வெட்டிக்கொள்ளக் கொடுத்தவர்கள் என்பதால் இவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சலுகை உண்டு.

கேள்வி: எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1995இல் வந்த 'செவன்டி மினிட்ஸ் ஆஃப் மேட்னஸ்' (எழுபது நிமிடப் பித்து) டிஜே தொகுப்பு. அடுத்து 'டிம்பர்', ஹெக்ஸ்டாட்டிக் என்ற ஒலி-ஒளிக் கலைஞர்களுடன் செய்தது. இதைக் கேட்டால் போதாது, பார்க்கவும் வேண்டும்: மரம் அறுக்கும் ரம்பத்தின் காட்சி வெட்டப்படும்போதே அதன் ஓசையும் தாளமாகிவிடுகிறது. நல்ல ஹெட்ஃபோன் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி ஒலிபெருக்கியில் ரம்பம் கொசு மாதிரி கேட்கும்.