ஒன்பது லட்சமா, எட்டு லட்சமா: பெங்களூருக்கு வரும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். சாத்தூரிலிருந்து சென்னைக்கு வந்து மூன்று ஆண்டுகளாக டெக்னிக்கல் ரைட்டராக, அதாவது மென்பொருளுக்கும் கருவிகளுக்கும் கையேடு எழுதுபவராக இருக்கிறீர்கள். இப்போது பெங்களூருவில் இரண்டு வேலைகள் கூடி வந்திருக்கின்றன. ஒன்று, மான்யதா டெக் பார்க்கில் உள்ள பெரிய நிறுவனத்துக்காக. ஆனால் சம்பளம் தருவது ஏஜென்சி, ஓராண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 9 லட்சம். மற்றொன்று, எலக்ட்ரானிக் சிட்டியில் சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் சிறிய நிறுவனம், நிரந்தர வேலை, 8 லட்சம். பெரிய பெயரையும் ஒரு லட்சத்தையும் சேர்த்து விட்டுவிடலாமா என்பது உங்கள் தவிப்பு.

எட்டு லட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு சம்பளப் பட்டியல்களையும் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

இந்த 9 லட்சமும் 8 லட்சமும் சி.டி.சி., அதாவது உங்களுக்காக அவர்கள் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு. வேலை பார்த்துப் பழகிய உங்களுக்கு இது தெரியும். ஆனாலும் 9 லட்சம் என்று பார்த்தவுடன் மனம் பன்னிரண்டால் வகுத்து 75,000 என்று முடிவு கட்டிவிடுகிறது. அந்தப் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். 90,000 ரூபாய் வேரியபிள், அதாவது மாதச் சம்பளத்தில் சேராமல் கூடவோ குறையவோ வரக்கூடிய தொகை. அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் பாதி, மாதம் 37,500. அதில் 12 சதவீதம் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, ஆண்டுக்கு 54,000. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், அதாவது 21,645. காப்பீட்டுப் பிரீமியம் 15,000; அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள். இவை எல்லாம் போக மாதச் சம்பளம் 59,946. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 4,500, கர்நாடகத் தொழில் வரி 200 பிடித்த பிறகு வங்கிக்கு வருவது 55,246.

இப்போது 8 லட்சம். வேரியபிள் கிடையாது. பிரீமியத்தை நிறுவனமே தனியாகக் கட்டுகிறது. பி.எஃப்.பை முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் போடாமல், 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் 12 சதவீதம் போட்டு மாதம் 1,800 என்று வைத்திருக்கிறார்கள். கிராஜுவிட்டி ஆண்டுக்கு 19,240. மாதச் சம்பளம் 63,263 ஆகிறது, உங்கள் பி.எஃப். 1,800, தொழில் வரி 200 போனால் கைக்கு 61,263. தொழில் வரி பிப்ரவரியில் மட்டும் 300, அதைப் பெரிதாக எண்ண வேண்டாம்.

பி.எஃப். உங்கள் பணம்தானே என்று நீங்கள் கேட்பது நியாயம். 2024-25க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள், நல்ல சேமிப்பு. ஆகவே இரு பங்கையும் சேர்த்தே பார்ப்போம். அப்போதும் முதல் வேலையில் மாதம் 64,246, இரண்டாவதில் 64,863. ஆக, அந்த ஒரு லட்சம் மாதச் சம்பளத்தில் எங்கும் இல்லை. வேரியபிள் கைக்கு வந்தால்தான் ஒன்பது முந்தும். சென்ற ஆண்டு எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், ஒப்பந்தம் இடையில் முடிந்தால் அதுவரை வேலை செய்த மாதங்களுக்குத் தருவார்களா என்று ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

கிராஜுவிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நிரந்தர வேலையில் ஐந்து ஆண்டுகள் முடித்தால்தான் அது உண்டு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஓராண்டு போதும் என்று 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் பதினோராவது மாதம் ‘திட்டம் முடிந்துவிட்டது’ என்று அனுப்பிவிட்டால் அந்த 21,645 ரூபாய் கைக்கு வராது. வருமான வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். 2025-26 முதல் புதிய வரிமுறையில் மாதச் சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. வாடகை ரசீது சேகரிக்கும் வேலையும் மிச்சம்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு ரத்த அழுத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏஜென்சியின் காப்பீடு உங்களுக்கு மட்டும். சிறிய நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோரும் அடக்கம், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே காப்பு என்று போட்டிருக்கிறது. இதைத் தனியாக வெளியில் வாங்கிப் பாருங்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பிரீமியம் கடுமையாக இருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்வார்கள். என் அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு என்று மதுரையில் சேர்த்தபோது நான் வேலை பார்த்த இடத்தின் காப்பீட்டில் பெற்றோருக்கு இடமில்லை. ஊரில் இருந்த மனை போனது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை நினைத்தால் ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: பெற்றோருக்கான காப்புத் தொகை எவ்வளவு, அறை வாடகைக்கு வரம்பு உண்டா, சிகிச்சைச் செலவில் இத்தனை சதவீதம் நீங்கள் தர வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, சாத்தூருக்கு அருகில் பணம் கட்டாமல் சேரக்கூடிய மருத்துவமனை எது என்று கேட்டுப் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். நம் தொழிலில் சம்பளத்தைத் தீர்மானிப்பது எத்தனை ஆண்டு அனுபவம் என்பதைவிட, எந்தப் படிநிலையில் உங்களை உட்கார வைக்கிறார்கள் என்பதுதான். சில நிறுவனங்கள் டெக்னிக்கல் ரைட்டரை இன்ஜினியர்களின் படிநிலையிலேயே வைக்கின்றன. அங்கே சம்பள உயர்வும் நிறுவனத்தின் பங்குகளும் (ஷேர்) அவர்களோடு சேர்ந்தே வரும். வேறு சில இடங்களில் அலுவலக உதவிப் பிரிவோடு சேர்த்துவிடுவார்கள். பதவிப் பெயர் இரண்டிலும் ஒன்றுதான். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் இருவருக்கும் நடுவே எட்ட முடியாத தூரம். நேர்காணலில் இதை நேரடியாகக் கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஏஜென்சி வேலை, ஃப்ரேம்மேக்கர் என்ற மென்பொருளில் எழுதிய பழைய கையேடுகளை, சிறு துண்டுகளாக எழுதி மறுபடி பயன்படுத்த உதவும் டிட்டா வடிவத்துக்கு மாற்றுவது என்கிறீர்கள். டிட்டா தெரிந்தவருக்குத் தொலைத்தொடர்புச் சாதனங்கள், மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் நிறுவனங்களில் மதிப்பு உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓராண்டு முழுவதும் பிறர் எழுதியதைப் பெயர்த்து வைத்துக்கொண்டே இருந்தால், அடுத்த நேர்காணலில் காட்ட உங்கள் எழுத்து ஒரு பக்கம்கூட இருக்காது. சிறிய நிறுவனத்தில், மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழியான ஏ.பி.ஐ.க்கான ஆவணங்களை மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவில் எழுதி, மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளில் இன்ஜினியர்களோடு சேர்ந்து பராமரிக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கட்டளையையும் நீங்களே இயக்கிப் பார்த்துத்தான் எழுத முடியும். செயற்கை நுண்ணறிவு பத்தி பத்தியாக எழுதித் தள்ளும் இந்தக் காலத்தில், எழுதியது சரிதானா என்று சோதித்துச் சொல்லத் தெரிந்த ஆளுக்குத்தான் நிறுவனங்கள் கூடுதலாகக் கொடுக்கின்றன. நான் ஆள் எடுக்கும்போதும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அமெரிக்கச் சம்பளத்தைப் பார்த்து மனம் நொந்திருக்கிறீர்கள். அந்த நாட்டின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்கில் 2023 மே மாதத்தில் டெக்னிக்கல் ரைட்டரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 80,050 டாலர். அதை ரூபாயாக மாற்றிப் பார்ப்பதால் எந்த முடிவுக்கும் வர முடியாது. அங்கே வாடகையும் மருத்துவச் செலவும் டாலரில்தான் போகின்றன.

ஊரைப் பற்றி. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ ஆர்.வி. ரோட்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திராவரை ஓடத் தொடங்கியது. ஹோசா ரோடு, சிங்கசந்திரா பக்கம் வீடு பார்த்தால் சில்க் போர்டு நெரிசலில் சிக்காமல் வேலைக்குப் போய்விடலாம். ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போகும் பஸ்களும் அந்தப் பக்கமாகத்தான் போகின்றன. மான்யதா என்றால் ஹெப்பால் நெரிசலை விசாரித்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு இங்கே சங்கராந்தி ஒரு நாள்தான், மாட்டுப் பொங்கலுக்குச் சொந்த விடுப்பை எடுத்து வைக்க வேண்டும்.

வீட்டு முன்பணம் உங்களை மலைக்க வைக்கும். பத்து மாத வாடகை கேட்பது இந்த ஊரின் பழைய வழக்கம். இப்போதும் ஐந்தாறு மாதம் கேட்பது சாதாரணம். 20,000 ரூபாய் வீட்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் முதல் நாளே எடுத்து வைக்க வேண்டும். எனவே சம்பளத்தில் இன்னும் ஐயாயிரம் கூட்டுங்கள் என்று பேரம் பேசுவதைவிட, இடம்பெயர்வுப் படி கேளுங்கள். அதைத் தருவது எச்.ஆருக்கும் எளிது. ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சென்னை வேலையில் 90 நாள் நோட்டீஸ் என்கிறீர்கள். புதிய நிறுவனம் அவ்வளவு நாள் காத்திருக்குமா, இல்லாவிட்டால் மீதி நாட்களுக்கான பணத்தைக் கட்டித் தருமா என்பதைக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்தான கடிதம் வரும்வரை ராஜினாமா கொடுக்க வேண்டாம். புதிய வேலையில் சேர்ந்த பிறகு பழைய பி.எஃப்.பை எடுத்துவிடாமல், வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணான யூ.ஏ.என்.னிலேயே புதிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து ஆண்டு சேவை முடியும் முன் எடுத்தால் வரி போட்டுவிடுவார்கள். முன்பணத்துக்கு அதில் கை வைக்கலாம் என்று நீங்கள் எழுதியிருப்பதால்தான் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.