குடையும் களிசானும்

கேள்வி: சொந்த வாழ்க்கையை நகைச்சுவையாகச் சொல்லும் கட்டுரைகளை வாசித்துவிட்டு ஒருவர் "வயிறு நோகச் சிரித்தேன்" என்கிறார், அடுத்தவர் "பாதியில் மூடிவைத்தேன்" என்கிறார். ஏன் இப்படி?

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். நான் எழுதிய ஒரே கட்டுரைக்கு இந்த இரண்டும் கிடைத்தன, அதுவும் ஒரே வீட்டுக்குள்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை இங்கிருந்து அங்கே போக 'பாதை'தான். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: நாங்கள் பாதை என்பது ஆட்களும் வாகனங்களும் ஏறித் தண்ணீரைக் கடக்கிற மிதவை. அப்பா கிண்ணியாவில் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர். 1984இல் ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். தூறல். பாதை இறங்குதுறையைத் தொட இன்னும் கொஞ்சம் இருந்தது. தினமும் போய்வருகிற மனுஷன் என்ற மிதப்பில் அப்பா காலை எட்டி வைத்தார். வைத்த இடத்தில் துறை இல்லை.

நெஞ்சளவு தண்ணீரில் நிற்கிறார். வலக்கையில் விரித்த குடை, தலைக்கு நேர் மேலே, ஓர் அங்குலம் சரியாமல். பாதையில் நின்ற மீன்கூடைக்காரர் ஒருவர் குனிந்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "ஐயா, குடைய மடக்குங்க, மழ விட்டுட்டு."

அப்பா ஈரத்தோடேயே போய் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைத்தார். அவருக்கு மேலே ஒப்பமிட்டிருந்த மூன்று பேரும் அன்று மையோடு கரைந்துபோனார்கள்.

இதை 2016இல் எழுதி ஒரு சின்னச் சஞ்சிகைக்குக் கொடுத்தேன். முதல் அழைப்பு டொரன்டோவிலிருந்து அண்ணாவுடையது. சிரித்துச் சிரித்து இருமினார். இருமி முடிந்ததும், "ஆனா குடை மடிச்சுத்தான் இருந்தது. அதில நீ புளுகிப்போட்டாய்" என்றார். அவர் அன்று பாதையிலேயே இல்லை என்பது வேறு விஷயம். இப்படி ஒரு வகை வாசகர் இருக்கிறார்கள். சுயசரிதை என்று போட்டுவிட்டால் அதைச் சத்தியக்கடதாசி மாதிரித்தான் வாசிப்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் சிரிப்பு வரும் என்று அவர்களுக்கு விளங்கவைக்க முடியாது. அவர்களோடு எனக்குப் பெரிய கோபமும் இல்லை. உண்மைக்கதை என்று சொல்லி விற்றது நான்தானே.

அம்மாதான் சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, "குடையை எழுதியிருக்கிறாய் தம்பி. களிசானை எழுதேல்லை" என்றா.

எனக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னா. அலுவலகத்துக்குப் போட அப்பாவிடம் இருந்த ஒரே நல்ல வெள்ளைக் களிசான் அது. அன்று இரவு உப்பும் சேறும் போக மூன்று தண்ணீரில் அலசி, அடுப்படியில் கொடி கட்டிக் காயவைத்து, விடிய முதல் சிரட்டைக்கரி போட்ட அயன்பெட்டியால் தேய்த்துக் கொடுத்திருக்கிறா. முழங்காலடியில் ஒரு மஞ்சள் கறை கடைசிவரை போகவில்லையாம். நான் அப்போது நித்திரை. அவவுக்கு அந்த நாள் என்றால் அந்தக் கறைதான்.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் தெரிகிற உணர்ச்சிகளில், நகையைத்தான் (சிரிப்பைத்தான்) முதலில் வைக்கிறது. அது பிறக்கிற இடம் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் கேலி. அதற்கு உரை எழுதும்போது பேராசிரியர் என்ற பழைய உரைகாரர் அதை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானே நகுவது மற்றது. எனக்கு உறைத்தது இதுதான். தீபாவளிக்குத் தீபாவளி இந்தக் கதையை அப்பாதான் சொல்லுவார், எழுந்து நின்று நடித்தும் காட்டுவார். அப்போது அம்மாவும் சிரிப்பா. விழுந்தவரே சொன்ன கதை அது. அதையே நான் எழுதியபோது, 'என் வாழ்க்கை' என்று தலையில் போட்டுக்கொண்டு, சிரிப்புக்கு அப்பாவைத் தண்ணீரில் நிற்கவைத்துவிட்டேன். நான் நனையவே இல்லை. 'தன்னைத்தானே கேலி செய்யும் எழுத்து' என்று நாம் பாராட்டுவதில் பாதிக்கு மேல் அப்பாவையும் மாமியையும் பக்கத்து வீட்டையும் கேலி செய்வதுதான். அந்த மாமி இடத்தில் நின்று வாசிப்பவர் பாதியில் மூடிவைக்கத்தான் செய்வார்.

இன்னொரு காரணம் மிகச் சாதாரணமானது. வாரம் ஒன்றாகப் பத்திரிகையில் வந்ததைப் புத்தகமாக்கி, ஒரே மூச்சில் வாசிக்கச் சொன்னால் யாருக்குத்தான் அலுக்காது? 'நான் ஒரு மக்கு' என்ற பகிடி ஏழாவது கட்டுரையில் செத்துவிடும். அதற்கு வாசகரைக் குறைசொல்லிப் பயனில்லை.

ஆனால் என்னைக் குழப்பியது வேறு. 23 நவம்பர் 2021 காலையில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்ததால் மாற்றாக ஓடிய படகு கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். சில நாள் கழித்துக் கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர் செய்தி அனுப்பினார். என் கட்டுரைக்கு எல்லாரையும் விடக் கூடச் சிரித்தவர், ஊரில் பத்துப் பேருக்காவது வாசித்துக் காட்டியவர். "சேர், அந்தக் குடைக் கட்டுரைய கொஞ்ச நாளைக்கு யாருக்கும் அனுப்பாதீங்க" என்றிருந்தார், வேறொன்றும் இல்லை. கட்டுரையில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. எல்லாரும் கரைசேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்துதான் அதுவரை சிரித்திருக்கிறோம். அந்தக் கிழமை நானும் அதைத் திறந்து பார்த்தேன். 'துறை இல்லை' என்ற வரியைத் தாண்ட முடியவில்லை.

போன வருஷம் அதைத் திருத்தி எழுதினேன். களிசானுக்கு ஒரு பத்தி, சிரட்டைக்கரி, மஞ்சள் கறை எல்லாம் சேர்த்து. அம்மாவுக்கு இப்போது கண் சரியில்லை, நான்தான் வாசித்தேன். மீன்கூடைக்காரர் வந்த இடத்தில் சிரித்துவிட்டு, "அலசினது மூண்டு தண்ணியில்ல, நாலு" என்றா.

அண்ணாவுக்கும் அனுப்பினேன். களிசான் வந்து பகிடியைக் கெடுத்துவிட்டதாம். குடை மடித்துத்தான் இருந்ததாம்.