கார் பழசு, படம் புதுசாக இருக்கலாம்

கேள்வி: எங்கள் தாத்தா பாரிமுனையில் ஒரு வியாபாரி வீட்டில் டிரைவராக இருந்தவர். அவர் விட்டுப்போன பிஸ்கட் டப்பாவில் முப்பது, நாற்பது போட்டோக்கள் இருக்கின்றன. ஒன்றில் பெரிய கறுப்புக் கார் பக்கத்தில் யூனிபார்முடன் நிற்கிறார். “அது ரோல்ஸ் ராய்ஸ், வெள்ளைக்காரன் காலத்துப் படம்” என்று வீட்டில் சொல்கிறார்கள். இன்னொன்றில் என் அப்பா மாப்பிள்ளைக் கோலத்தில் திறந்த காரில் உட்கார்ந்திருக்கிறார். இவை என்ன கார்கள், எந்த வருஷத்துப் படங்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சில படங்கள் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. இந்த மாதிரிப் படங்களை வெளியிலும் வாங்கிச் சேர்க்க ஆசை. நல்ல விலை போகுமா?
(வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: உங்கள் வீட்டாருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். அது ரோல்ஸ் ராய்ஸ் இல்லை, பியூக். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தாத்தாவின் முழங்கைக்குப் பின்னால், பானட்டை ஒட்டிய பக்கவாட்டுத் தகட்டில் மூன்று வட்ட ஓட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன. பியூக் கம்பெனி இந்த ஓட்டைகளை வைக்க ஆரம்பித்ததே 1949 மாடலில்தான். வெள்ளைக்காரன் 1947-லேயே போய்விட்டான். நான்கு ஓட்டை இருந்தால் ரோட்மாஸ்டர் என்ற உயர்ந்த ரகம் என்று யோசிக்கலாம். மூன்று என்பதால் சூப்பர் அல்லது ஸ்பெஷல். கிரில்லின் பற்கள் கீழே இறங்கி பம்பர் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தால் 1950 மாடல் என்று அடித்துச் சொல்லிவிடலாம். உங்கள் பிரிண்டில் அந்த இடம் நிழலில் இருக்கிறது. நல்ல ஸ்கேன் எடுத்தால் தெரியக்கூடும்.

குடும்பக் கதைகளில் தாத்தா ஓட்டிய பெரிய கார் எல்லாமே ரோல்ஸ் ராய்ஸ் ஆகிவிடும். நிஜ ரோல்ஸ் ராய்ஸை முன்பக்கத்திலிருந்து பார்த்தால் சந்தேகமே வராது. ரேடியேட்டர் கோயில் முகப்பு போலக் கூர்மையான ஓரங்களோடு நிமிர்ந்து நிற்கும், நடுவில் செங்குத்துத் தகடுகள் இருக்கும். உச்சியில் முன்னால் சாய்ந்து நிற்கும் பெண் பொம்மை இருந்தால் இன்னும் நல்லது. அது சார்லஸ் சைக்ஸ் என்ற சிற்பி வடித்தது, 1911-லிருந்து வருகிறது. ஆனால் பொம்மையை மட்டும் நம்பாதீர்கள். கழற்றி மாட்டக்கூடிய சாமான் அது. இன்னொரு விஷயம், யுத்தத்துக்கு முன்னால் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி இன்ஜினோடு சேஸிஸை மட்டும்தான் விற்றது. பாடியை ஹூப்பர், பார்க்கர், த்ரப் அண்ட் மேபர்லி போன்ற பட்டறைகள் வாங்குபவர் சொன்னபடி கட்டிக்கொடுத்தன. அதனால் “இன்டர்நெட்டில் இதே மாதிரி ஒன்று பார்த்தேன், அது 1934, ஆகவே இதுவும் 1934” என்ற கணக்கு அந்தக் கார்களுக்கு ஒத்துவராது.

மற்ற வண்டிகளுக்கு ஒரு தோராயமான கண் கணக்கு உண்டு. ஹெட்லைட்டுகள் தனித்தனிக் கிண்ணமாக வெளியே நின்றால் பெரும்பாலும் 1930-கள். 1940-ஐ ஒட்டி அவை மட்கார்டுக்குள் புதைய ஆரம்பித்தன. கதவுக்குக் கீழே நீளமான புட்போர்டு இருந்தால் 1940-கள் வரை. முன் கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தால் 1950-களின் ஆரம்பத்துக்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு குறைவு. கண்ணாடி இருபுறமும் வளைந்து சுற்றி வந்தால் அமெரிக்க வண்டி, 1950-களின் நடுப்பகுதி. ஒரு பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஹெட்லைட் என்றால் 1957, 58-க்குப் பிறகு. இதோடு ஒன்றை மனதில் வையுங்கள். 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்குக் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டு, தொழிற்சாலைகளை யுத்தத் தளவாடத்துக்குத் திருப்பினார்கள். யாராவது “1944 மாடல் செவர்லே” என்று ஒரு படத்தை உங்களிடம் விற்க வந்தால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காரை அடையாளம் கண்டால் படத்தின் வருஷம் தெரிந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்த வருஷத்துக்கு முன்னால் எடுத்திருக்க முடியாது என்பதை மட்டும்தான் கார் சொல்லும். எவ்வளவு பின்னால் எடுத்தது என்பதை வேறு எங்காவதுதான் தேட வேண்டும். நம் ஊரில் பெரிய கார்கள் முப்பது, நாற்பது வருஷம் ஓடியிருக்கின்றன. முதலில் துரை வீடு அல்லது ஜமீன், அப்புறம் வியாபாரி, அப்புறம் டாக்ஸி, கடைசியில் கல்யாண ஊர்வலம்.

உங்கள் அப்பாவின் படமே இதற்குச் சாட்சி. ஹெட்லைட் தனியாக நிற்கிறது, புட்போர்டு இருக்கிறது, ஆகவே வண்டி 1930-களைச் சேர்ந்தது. ஆனால் பிரிண்டின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்களே, அதில் சாய்வாக ‘இந்து’ என்ற பெயர் மங்கலாக அச்சாகியிருக்கிறது. அது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த தாள். அந்தத் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது 1960-களின் பிற்பகுதியில். ஆக, காருக்கும் படத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருஷமாவது இருக்கிறது. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு வந்த வண்டியாகத்தான் இருக்கும். கிரில் முழுவதையும் பூ ஜோடனை மூடிவிட்டது, எந்தக் கம்பெனி என்று முன்பக்கம் சொல்லாது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் கப்பைப் பாருங்கள், பெரும்பாலும் பெயரோ முத்திரையோ அதில் இருக்கும்.

அதைப் பார்க்க ஒரு லூப், அதாவது நகைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்ன பூதக்கண்ணாடி, வாங்கிக்கொள்ளுங்கள். நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடைகள் சௌகார்பேட்டைப் பக்கம் இருக்கின்றன. 10 மடங்கு பெரிதாகக் காட்டுவது போதும். பழைய பிரிண்டுகள் சின்னதாக இருந்தாலும் பல, நெகட்டிவ்வைத் தாளின் மேல் நேராக வைத்து எடுத்தவை. விரல் அகலத்துக்குள் நம்பர் பிளேட் முழுவதும் படிக்கும்படி இருக்கும். டப்பாவில் நெகட்டிவ் இருந்தால் அதுதான் புதையல், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காடி வாசனை அடிக்கும் நெகட்டிவ்களை மட்டும் மற்றவற்றிலிருந்து பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதும் சீக்கிரம் கெடும்.

நம்பர் பிளேட் பற்றி. பழைய மெட்ராஸ் நகர வண்டிகளுக்கு எம்.சி. என்ற எழுத்துகள் இருந்தன. எம்.சி.-1 துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்குப் போனது என்று மெட்ராஸ் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கணித மேதை ராமானுஜன் குமாஸ்தா வேலை பார்த்தது இவர் தலைமையில் இருந்த துறைமுக அலுவலகத்தில்தான். பிற்பாடு எம்.எஸ்.ஆர்., எம்.எஸ்.எக்ஸ். போல எம் என்று ஆரம்பிக்கும் மூன்றெழுத்துகள் வந்தன. மாநிலத்தின் பெயர் 1969-ல் தமிழ்நாடு ஆனபின் டி என்று ஆரம்பிப்பவை. ஆனால் எம்.ஒய். என்றால் மைசூர், எம்.பி. என்றால் மத்தியப் பிரதேசம், எம்.எம். என்றால் மகாராஷ்டிரம். அவசரப்பட்டு நம்மூர் வண்டி என்று எழுதிவிடாதீர்கள்.

ஸ்டுடியோ முத்திரையையும் விடாதீர்கள். ஆறு இலக்கப் பின்கோடு இந்தியாவில் வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். முத்திரையில் ‘600 021’ என்று இருந்தால் படம் அதற்குப் பிந்தியது. வெறும் ‘மெட்ராஸ்-21’ என்று இருந்தால் முந்தியதாக இருக்கலாம், ஆனால் பழைய ரப்பர் ஸ்டாம்பைத் தேய்ந்துபோகும்வரை குத்தும் ஸ்டுடியோக்காரர்களும் உண்டு. பின்னணியில் டிராம் ஓடினால் 1953-க்குப் பிறகு வர வழியில்லை, மெட்ராஸில் அந்த வருஷத்தோடு டிராம் நின்றுபோனது. சுவரில் சினிமா போஸ்டர் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், அது மாதக் கணக்குவரை கொண்டுவந்துவிடும்.

ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிறதே என்று குழம்பினால், முதலில் படம் திருப்பிப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவ்வை மறுபக்கமாக வைத்துவிட்டால் எல்லாம் தலைகீழாக அல்ல, இடவலமாக மாறும். நம்மூர்க் கட்டில் பெண்களின் முந்தானை வலது தோளில் கிடந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

கண்ணாடியில் ஒட்டிய படங்களைத் தொடாதீர்கள். ஈரத்துணி, ஆவி, கத்தி எதுவும் வேண்டாம். பிரிண்டின் மேல் பூச்சு ஜெலட்டின், ராயபுரம், வண்ணாரப்பேட்டை கடல் காற்றின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், தாள் மட்டும் கையில் வரும். கண்ணாடியோடு வைத்தே, பக்கவாட்டு வெளிச்சத்தில் பிரதிபலிப்பு விழாமல் படம் எடுத்துவிடுங்கள். மற்றவற்றை 600 டிபிஐ-யில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். தெருமுனை ஜெராக்ஸ் கடைகளில் லேமினேஷன் செய்து கெடுத்த நல்ல படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெயர், வருஷம் குறிக்க வேண்டுமானால் பின்னால் மெத்தென்ற பென்சிலால், அழுத்தாமல்.

வெளியில் வாங்குவதைப் பற்றி. மூர் மார்க்கெட் பழைய சாமான் கடைகளிலும் பழைய பேப்பர் கடைகளிலும் ஆல்பங்கள் வரும். புதிதாகப் பிரிண்ட் போட்டு டீத்தண்ணீரில் பழுப்பேற்றியதும் வரும். லூப்பில் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு அல்லது இங்க்ஜெட். அசல் வெள்ளி உப்புப் பிரிண்டில் புள்ளி இருக்காது, கறுத்த இடங்களில் சாய்த்துப் பார்த்தால் நீலங்கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரியலாம். அப்புறம், எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருப்பார்களே புற ஊதா விளக்கு, அதைப் பிரிண்டின் பின்பக்கம் பிடியுங்கள். நீலமாக ஒளிர்ந்தால் அந்தத் தாளில் வெளுப்பூக்கி, அதாவது தாளை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம், கலந்திருக்கிறது. போட்டோத் தாளில் அதைச் சேர்த்தது 1950-களிலிருந்துதான். ‘1920 மகாராஜா கார்’ பளிச்சென்று ஒளிர்ந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே புரியும்.

என்னைக் கேட்டால், ரோல்ஸ் ராய்ஸ் படங்களைத் துரத்த வேண்டாம். அவற்றுக்குப் போட்டி அதிகம், போலியும் அதிகம். உங்கள் வாசலிலேயே யாரும் சீண்டாத விஷயம் ஒன்று இருக்கிறது. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ40 கார்களைப் பாகம் பாகமாகப் பூட்டி அனுப்பியது. அதுவே 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகள், பேரன்கள் இருக்கிறார்கள். ஆஸ்டின் பக்கத்தில் நிற்கும் ஒரு மனிதர் படம் எழுபது வருஷத்துக்குப் பிறகும் அவர்கள் பீரோவில் கிடக்கலாம். கேட்டு வாங்கி ஸ்கேன் மட்டும் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்தாலே போதும், நிற்பவர் யார், எந்தத் தெரு என்று அவர்கள் வாயாலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். பெயர் தெரியாத மகாராஜா காரைவிடப் பெயர் தெரிந்த ஆஸ்டின் எனக்குப் பெரிது. வண்டி விஷயத்தில் சந்தேகம் வந்தால் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டரிங் கிளப்காரர்கள் நடத்தும் கண்காட்சிக்குப் போய், உரிமையாளர்களைவிட மெக்கானிக்குகளிடம் படத்தைக் காட்டுங்கள். மட்கார்டு வளைவை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

விலை? தனி ஒரு பிரிண்டுக்குப் பெரிதாக வராது. டிரைவரின் பெயர், முதலாளி வீடு, கார், நம்பர், படம் எடுத்த ஸ்டுடியோ எல்லாம் ஒரே டப்பாவில் சேர்ந்து இருப்பதுதான் உங்களுடையதின் மதிப்பு. ஆகவே “அந்த பியூக்கை மட்டும் கொடுங்கள்” என்று யாராவது கேட்டால் பிரிக்காதீர்கள். பார்க்க வேண்டும் என்றால் சின்ன அளவில் ஸ்கேன் அனுப்புங்கள், அசலைக் கூரியரில் போடாதீர்கள்.