யார் கேள்வி, யார் ஆய்வு? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரில் பொதுச் சுகாதார ஆய்வுகளில் ஈடுபட்டுவரும் வாசகி ஒருவர், சமூகப் பங்கேற்பு ஆய்வு (ஆய்வுக்கு உட்படும் மக்களும் ஆய்வாளரோடு சேர்ந்து நடத்தும் ஆய்வு) குறித்து மற்ற வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் அளிக்கிறார்.

அக்கா, நான் வெளிநாட்டு ஊழியர் விடுதியில் தொண்டூழியர். ஆய்வுக் குழுக்கள் வருகின்றன, ஊழியர்களும் பதில் சொல்கிறார்கள். இது பங்கேற்பு ஆய்வுதானே?

இல்லை தம்பி. எதைக் கேட்பது என்று முடிவு செய்யும் இடத்திலேயே ஊழியர்கள் இருக்க வேண்டும். 'வாரத்தில் எத்தனை நாள் காய்கறி சாப்பிடுகிறீர்கள்?' என்று கேள்வித்தாளில் இருக்கும். கேட்டரிங் சாப்பாட்டை நம்பி இருப்பவரிடம் இதைக் கேட்டு என்ன பயன்? பல விடுதிகளில் விடியும் முன்பே மதியச் சோறும் பொட்டலமாக வந்துவிடுகிறது. வேலையிடத்தில் வெக்கையில் கிடந்து, நண்பகலில் பிரிக்கும்போது குழம்பு புளித்த வாடை அடிக்கும். வயிற்றைக் கெடுத்துக்கொள்வானேன் என்று கொட்டிவிட்டு பிஸ்கட்டோடு முடித்துக்கொள்பவர்கள் உண்டு. தாள் தயாராகும்போதே இவர்களில் நாலு பேர் உடன் உட்கார்ந்திருந்தால், 'மதியச் சாப்பாடு எத்தனை மணிக்குச் சமைத்தது? வைக்க நிழல் உண்டா?' என்றல்லவா கேட்டிருப்பார்கள்? அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்துக்கொண்டு ஊழியருக்குச் சத்துணவு வகுப்பு எடுக்க முடியாது. உணவு தருபவரிடமும் முதலாளியிடமும்தான் போய்ப் பேச வேண்டும். ஆய்வுக்குள் சமூக நீதி நுழைவது இந்த இடத்தில்தான்.

கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆய்வுக்காக ஊழியர்களோடு நடத்தும் குழு உரையாடலில் நானே மொழிபெயர்த்து உதவலாமா?

வேண்டாம் ஐயா. உங்கள் நல்ல மனத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுடைய வேலை அனுமதி முதலாளியைச் சார்ந்தது. நீங்கள் அறையில் இருந்தால் அங்கே ஒருவருக்கும் முதுகுவலி இருக்காது.

இந்தியர்களுக்கு நீரிழிவு அதிகம். இது மரபணுதானே? இதில் நீதி எங்கே வருகிறது?

2010 தேசியச் சுகாதாரக் கருத்தாய்வில் இந்தியர்களிடையே 17.2 விழுக்காடு, சீனர்களிடையே 9.7. மரபணுவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரவு வேலை, வருமானம், மருந்தகத்துக்குப் போக விடுப்பு கிடைக்கிறதா என்பவை அந்த எண்ணிக்கையில் தெரிவதில்லை. 'நம் இனத்துக்கே இப்படித்தான்' என்று கைகழுவுவது நமக்கும் வசதி, மற்றவர்களுக்கும் வசதி.

ஆய்வுக்கு இரத்தம் கொடுத்தால் பிறகு அது யாருடையது?

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினர் 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இரத்தம் கொடுத்தார்கள். நீரிழிவு ஆய்வுக்கு என்று நம்பித்தான் கொடுத்தார்கள். அது மனச்சிதைவு நோய், இனத்தின் பூர்வீகம் பற்றிய ஆய்வுகளுக்கும் போனது. வழக்குத் தொடுத்தார்கள், 2010இல் 700,000 அமெரிக்க வெள்ளி இழப்பீட்டோடு சமரசம் ஆனது, மிச்சமிருந்த மாதிரிகளும் திரும்பின. அவர்களின் பூர்வீகக் கதையையே அந்த ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி நான். எழுதப் பழக்கமில்லாதவர்களை எப்படிச் சேர்ப்பது?

கேமராவைக் கையில் கொடுக்கலாம். 1990களில் கரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சீனாவின் யுனான் மாநிலக் கிராமப் பெண்களிடம் அப்படித்தான் கொடுத்தார்கள். எந்தப் படம் முக்கியம் என்று படம் எடுத்தவர்களே சொல்லட்டும். ஒன்று மட்டும்: படத்தில் முகம் தெரிந்தால் அந்த நபரின் அனுமதி வேண்டும்.

எங்கள் கோயில் மகளிர் குழுவை ஓர் ஆய்வுக்கு அழைத்திருக்கிறார்கள். சேரலாமா?

மூன்று விஷயம் கேளுங்கள் அம்மா. முடிவுகளைத் தமிழில் உங்களிடம் வந்து சொல்வார்களா? அறிக்கை வெளியாகும் முன் நீங்கள் மறுப்புச் சொல்ல இடமுண்டா? உங்கள் நேரத்துக்குப் பணம் உண்டா? மூன்றாவதைக் கேட்கத்தான் நம் பெண்கள் கூச்சப்படுவார்கள். ஆய்வாளருக்குச் சம்பளம் உண்டு. உங்களுக்கு ஒரு துணிப்பையும் பேனாவும் போதும் என்று அவர்கள் நினைத்தால், அடுத்த கூட்டத்துக்கு வந்து பேசச் சொல்லுங்கள். தொகையைப் பேசி முடித்த பிறகு படிவத்தைப் பார்க்கலாம்.